ரெடிமேட் மூளையா... ரெடியான மூளையா?

மக்களே, உங்க நண்பன் போன வாரம் ஒரு மேடையில் மண்ணைக் கவ்வின கதையைக் கேளுங்க!

பக்கத்துக் காலேஜ் கல்ச்சுரல்ஸில் 'ஆட்ஜாப்' போட்டி. ஸ்பாட்ல ஒரு பொருளைக் கொடுப்பாங்க. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, மேடையேறி அதுக்கு விளம்பரம் நடிச்சுக் காட்டணும். டீம் கேப்டன் அடியேன்தான். முந்தின நாள் ராத்திரியே மூணு ஸ்கிரிப்ட் ரெடி. கோர்ட் சீன், நியூஸ் வாசிப்பு, மாமியார்-மருமகள் சண்டை... எந்தப் பொருள் வந்தாலும் நடுவுல செருகிடலாம்னு ஒரு தெனாவட்டு!

வந்தது ஓட்டைக் குடை. நான் கோர்ட் சீனை எடுத்து விட்டேன். நடுவில் எங்க ஜூனியர் குடையை விரிச்சு, ஓட்டை வழியா கூட்டத்தை எட்டிப் பார்த்து, "இதை ஹோல்சேல்ல வாங்கினேன் யுவர் ஆனர்!"னான். அரங்கமே அதிர்ந்துச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? "ஆர்டர்... ஆர்டர்!"னு என் அடுத்த டயலாக்குக்குத் தாவிட்டேன். அதோட சிரிப்பு செத்துப்போச்சு. நாங்க வாங்கினது, கடைசிக்கு முந்தின இடம்.

ஹாஸ்டலுக்கு வந்து புலம்பினேன். என் ரூம்மேட் பத்து வருஷமா மிருதங்கம் கத்துக்கறவன். "நீ பண்ணது கற்பனையே இல்லடா, மனப்பாடம்!"னு ஒரே போடா போட்டான்.

கச்சேரியில் பாடகர் அந்த நிமிஷத்தில் தோணுற கற்பனை ஸ்வரத்தைப் பாடுவார். வயலின்காரர் அதைக் கேட்டு உடனே பதில் வாசிக்கணும். இதுக்குப் பேர்தான் மனோதர்மம்.

"மனசுல வர்றதை வாசிக்கறது ஈஸிதானே?"ன்னு கேட்டேன். பய மேஜையில தாளம் போட ஆரம்பிச்சுட்டான்.

மோகன ராகம்னா ஸ, ரி, க, ப, த... அஞ்சே ஸ்வரம். மத்யமம், நிஷாதம் பக்கமே போகக் கூடாது. ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். ஒவ்வொண்ணுக்கும் 4 மாத்திரைன்னு வெச்சா, ஒரு சுத்துக்கு 32. 'ததிகிணதொம்' 5 மாத்திரை. மூணு தடவை வாசிச்சா 15. அப்போ 17 மாத்திரை முடிஞ்சதும் ஆரம்பிச்சாதான் அடுத்த சுத்தோட முதல் தட்டுல டாண்ணு வந்து உட்காரும்!

"மேடையிலயாடா இவ்வளவு கழித்தல் கணக்கு போடுவ?"

"இல்ல மச்சி. சாதகம் பண்ணப் பண்ண கணக்கு கைக்குப் போயிடும். மண்டை ஃப்ரீயாகிடும். அப்போதான் பக்கத்துல உட்கார்ந்திருக்கறவர் என்ன வாசிக்கறார்னே காதுல விழும்."

இதுக்கு சயின்ஸும் சாட்சி சொல்லுது பாஸ். 2008-ல் சார்லஸ் லிம்ப், ஆலன் பிரான்னு ரெண்டு பேர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேனருக்குள்ள படுக்க வெச்சு, கையில் ஒரு கீபோர்டு கொடுத்தாங்க. மனப்பாடமா வாசிச்சப்போ இருந்ததைவிட, தோணினதை வாசிச்சப்போ, 'சரியா பண்றோமா?'ன்னு நம்மளையே கண்காணிக்கிறதோட தொடர்புள்ள மூளைப் பகுதிகள் அடங்கியிருந்துச்சாம். ஆறே பேர்தான். ஆனா, அவங்க எல்லாருமே ஊறின கைகள்!

எனக்கு மேடையில நடந்தது இதுக்கு நேர் எதிர். மண்டைக்குள்ள ஒரு எக்ஸாமினர் ஸ்கிரிப்டும் கையுமா உட்கார்ந்து, ஒவ்வொரு வரியா டிக் அடிச்சுட்டே இருந்தார். அதனாலதான், பக்கத்துல நின்னவன் கொடுத்த தங்கமான டயலாக் காதுல விழவே இல்ல.

தயார் பண்ணினது தப்பில்லை மக்களே. எதைத் தயார் பண்ணோம்கறதுலதான் விஷயமே இருக்கு. நான் பதில்களைத் தயார் பண்ணேன். மிருதங்கக்காரன் காதைத் தயார் பண்றான்.

மறுநாள் மெஸ்ஸில் ஜூனியர்கிட்ட ஸாரி சொன்னேன். "பரவாயில்லண்ணா... அடுத்த தடவை என் மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்க"ன்னான்.

அடுத்த மாசம் இன்னொரு ஆட்ஜாப் இருக்கு. இந்தத் தடவை ஒரு ஸ்கிரிப்ட்கூட எழுதலை. தினமும் சாயங்காலம் ஜூனியரோட ப்ராக்டீஸ் மட்டும் நடக்குது. ரூல் ஒண்ணே ஒண்ணுதான்... அவன் முடிச்ச வார்த்தையிலிருந்துதான் நான் ஆரம்பிக்கணும்!