வயிற்றுக் கோளாறு வேலைக் கள்ளத்தனம் அல்ல

கொழுந்து பறிக்கிற பெண் நடுவில் இரண்டு தரம் மலையைவிட்டு ஒதுங்கினால், "இன்றைக்கும் வயிற்றுவலியா?" என்று கங்காணி கேலி பேசுவதும், நிறை குறைந்தது என்று அரைப்பேர் போடுவதும் நம் தோட்டங்களில் புதிதல்ல. அந்தக் கேலியைக் கேட்டு நாமும் சேர்ந்து சிரித்துவிடுகிறோமே, அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை.

ஐ.பி.எஸ். என்று டாக்டர்மார் சொல்லும் குடல் நோய் ஒன்று உண்டு. வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, வயிறு ஊதல், சிலருக்கு வயிற்றோட்டம், சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. மலம் கழிக்கும்போது வலி குறையும், அல்லது கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். இரத்தத்தைச் சோதித்தாலும், கெமரா விட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் நோயாளியை வீட்டிலும் நம்புவதில்லை, மலையிலும் நம்புவதில்லை. குடலில் புண் இல்லை என்பது உண்மை. ஆனால் குடலுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள நரம்புத் தொடர்பு குழம்பியிருப்பதால், மற்றவருக்குத் தெரியாமலே போகிற சாதாரணக் காற்றும் இவருக்கு வலியாகத் தெரிகிறது. கடன், தூக்கமின்மை, வீட்டுச் சண்டை எல்லாம் அதைக் கூட்டும். அதற்காக இது மனப்பிரமை ஆகிவிடாது.

கிருமியால் கடும் வயிற்றோட்டம் வந்து மாறியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பின்னால் இந்த நோய் தங்கிவிடுகிறது. பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நமக்குச் சொல்லுகிறார்கள். சரி, செய்வோம். மேல் லயத்துக் கழிவு பீலி ஊற்றில் இறங்காமல் பார்ப்பது யார் வேலை?

நம்மவர்களுக்கு வயிறு என்றாலே கேஸ்ட்ரைட்டிஸ்தான். பாமசியில் ஒமிப்ரசோல் வாங்கி மாதக்கணக்காக விழுங்குகிறோம். அது இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து. இந்தக் குடல் நோயை அது தொடாது; காசுதான் போகும்.

சாப்பாட்டில் செய்யக்கூடியது நிறைய உண்டு. கோதுமை மா, வெங்காயம், உள்ளி மூன்றிலும் சிறுகுடல் உறிஞ்சாத ஒருவகை மாச்சத்து இருக்கிறது. அது பெருங்குடலில் நொதித்துக் காற்றாகும். நம் காலைச் சாப்பாடோ ரொட்டியும் வெங்காயச் சம்பலும்! சில வாரம் சோறு, அரிசிமா ரொட்டி, இடியப்பம் என்று மாற்றிப் பாருங்கள். குணம் தெரியாவிட்டால் பழையபடி சாப்பிடலாம், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு ஆகாமல் போவதில்லை. ரொட்டியை விடு என்று சொல்வது எளிது, விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவளுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஆகவே இதில் ஆண்களும் கை கொடுக்க வேண்டும். பகலில் பட்டினி கிடந்து இரவில் வயிறு முட்டச் சாப்பிடுவதும், உறைப்பும் சாராயமும் கெடுதல். தேத்தண்ணி நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் வேண்டாம். தேயிலை வளர்க்கிற நமக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலச்சிக்கலுக்கு இசப்கோல் உதவும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வலிக்கும் ஓட்டத்துக்கும் மாத்திரைகள் உண்டு, டாக்டரைக் கேட்டு எடுங்கள்.

ஆனால் மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் உடம்பு மெலிதல், காய்ச்சல், இரத்தசோகை, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றோட்டம், ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வந்த கோளாறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். குடற் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம்.

இனி நிர்வாகத்துக்கு. மலையில் மலசலகூடம் இல்லாததால் நம் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்கினால் மலம் இறுகும், சிறுநீரிலும் கிருமி பிடிக்கும். ஓட்டக்காரியோ அட்டைக்கடிக்கும் பிறர் கண்ணுக்கும் நடுவே தேயிலைச் செடியின் மறைவைத் தேட வேண்டும். எந்த மாத்திரை இதைத் தீர்க்கும்? கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீரும் கதவும் உள்ள மலசலகூடம் வேண்டும். கிளினிக் போன நாளுக்கு, துண்டைக் காட்டினால் பேர் வெட்டக் கூடாது.

உங்கள் தோட்டத்தில் எந்தெந்த மலையில் மலசலகூடம் இல்லை என்று இலக்கத்தோடு எழுதி இந்த மாத முடிவுக்குள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். பெயர் எழுத வெட்கப்படுகிறவர்கள் எழுத வேண்டாம், மலை இலக்கம் போதும்.