எட்டில் ஒன்று ஓடினால் போதும்

யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் 4014-ஆம் எண் நீராவி என்ஜின் அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தில் புகை கக்கிக்கொண்டு போவதைக் கண்டு மகிழ்ந்தவர்கள், அதன் உடன்பிறப்புகளாய் எஞ்சியிருக்கும் மற்ற ஏழு என்ஜின்களையும் இவ்விதமே ஓடவிட்டால் என்ன என்று கேட்பது இயல்பே. அந்தக் கேள்வியில் உள்ள அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும், இந்த ஒன்றை எழுப்புவதற்குப் பட்ட பாட்டை அறிந்தவர் அதை அவ்வளவு இலேசாகக் கேட்டுவிட மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

வசாட்ச் மலையின் ஏற்றங்களில் நீண்ட சரக்கு ரயில்களை இழுப்பதற்கென்று 1941 முதல் 1944 வரை ஸ்கெனெக்டடி நகரத்தில் இவ்வகை என்ஜின்கள் 25 கட்டப்பட்டன. தொழிற்சாலையில் எவரோ ஒரு தொழிலாளி சாக்குக்கட்டியால் 'பிக் பாய்' என்று எழுதிவைத்த விளையாட்டே அவற்றுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டர் வண்டியோடு சேர்த்து 132 அடி நீளமும், ஏறக்குறைய 540 டன் எடையும் உடைய இந்த யந்திரத்துக்கு இயக்குசக்கரங்கள் மட்டும் 16. அத்தனையையும் ஒரே சட்டத்தில் பூட்டினால் வளைவில் திரும்பாது என்பதால், முன்பாதிச் சக்கரங்கள் கீல் வைத்தாற்போல் தனியே அசையும்படி அமைத்தார்கள்.

1961-இல் ஓய்வு பெற்ற 4014, கலிபோர்னியாவின் பொமோனாவில் காட்சிப் பொருளாக அரை நூற்றாண்டு நின்றது. 2013-இல் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றபோது முதலில் எழுந்த சிரமம் நெருப்பு மூட்டுவதன்று, அதை அவ்விடத்திலிருந்து நகர்த்துவதே! வாகனங்கள் நிறுத்தும் மைதானத்தின் மீது தண்டவாளத் துண்டுகளைப் பரப்பி, என்ஜின் கடந்த துண்டைப் பெயர்த்து மறுபடி முன்னால் போட்டு, இப்படி அங்குலம் அங்குலமாக இழுத்து மெயின் லைன் சேர்த்தார்கள். 2014 மே மாதம் அது வயோமிங்கிலுள்ள ஷையென் பணிமனையை அடைந்தது.

வெளியே தெரியும் இரும்பைத் துலக்கி வர்ணம் பூசுவது பெரிய காரியமன்று. கண்ணுக்குத் தெரியாத கொதிகலனில்தான் அபாயம் உறைகிறது. சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கவேண்டிய அந்தத் தகடுகள் எங்கே தேய்ந்திருக்கின்றன, நெருப்பறையைத் தாங்கிப் பிடிக்கும் எண்ணற்ற போல்ட்டுகளில் எது உள்ளுக்குள்ளேயே முறிந்திருக்கிறது என்பதை அணுஅணுவாகப் பரீக்ஷித்தாலன்றி அறிய இயலாது. 1995-இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் பாதையில் சுற்றுலா ரயில் ஒன்றை இழுத்துச் சென்ற என்ஜினில், நீர்மட்டம் காட்டும் கண்ணாடியின் வழிகள் உப்புப் படிந்து அடைபட்டுப்போக, கொதிகலனில் நீர் குறைந்தது தெரியாமலே நெருப்பறையின் கூரைத் தகடு பிளந்து, பணியாளர் மூவர் வெந்து காயமுற்றனர். அதன் பின்னர் திருத்தப்பட்டு 2000-இல் அமலுக்கு வந்த மத்திய அரசின் விதிகள், கொதிகலன் சேவை செய்த நாட்கள் 1,472 ஆனாலோ, அன்றி 15 ஆண்டுகள் கழிந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது குழாய்களையெல்லாம் உருவி, மேலுறையைக் கழற்றி, முழுவதையும் சோதிக்கவேண்டும் என்கின்றன. நம் கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை கும்பாபிஷேகம் என்பதுபோல, ஒருமுறை ஜீர்ணோத்தாரணம் செய்தவர் அடுத்ததற்கும் பொருள் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டியதுதான்.

ஷையெனில் முழு மூச்சாக வேலை நடந்தது 2016-க்குப் பிறகே. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும்படி நெருப்பறையை மாற்றியதை ஆட்சேபிக்கிறவர்கள் இன்னமும் உண்டு. நிலக்கரி ஏற்றும் கோபுரங்களும், சாம்பல் கொட்டும் குழிகளும் பாதை நெடுக இல்லாமற்போன காலத்தில் வேறென்ன செய்வது என்று அவர்கள் சொல்வதில்லை. அதுவும் சுலபமான மாற்றமன்று. 1946-இல் 4005-ஆம் என்ஜினை எண்ணெய்க்கு மாற்றிப் பார்த்து, அந்தப் பெரிய நெருப்பறையில் சூடு ஒரே சீராகப் பரவாததால் 1948-இல் மறுபடி நிலக்கரிக்கே திருப்பியிருந்தார்கள். புதுக்குழாய் போட்டதால் இது பழைய என்ஜின் அன்று என்கிற வாதமும் எனக்குச் சம்மதமில்லை; பணியிலிருந்த காலத்திலேயே குழாய் மாற்றி, சக்கரத்தின் மேல்வளையம் மாற்றி ஓடிய ஜாதி இது.

2019 மே மாதம், கண்டத்தின் குறுக்கே இட்ட முதல் ரயில் பாதையின் 150-ஆவது ஆண்டு விழாவுக்கு 4014 தன் சொந்த நீராவியிலேயே ஆக்டன் போய்ச் சேர்ந்தது. அது கைகூடியதற்குக் காரணம், பாதையும் பணிமனையும் பணமும், 844-ஆம் நீராவி என்ஜினைத் தொடர்ந்து ஓட்டி வந்த கைப்பழக்கமும் ஒரே கம்பெனியிடம் இருந்ததுதான். மற்றவற்றை வைத்துப் பேணும் மியூசியங்களுக்கும் நகரங்களுக்கும் இந்நான்கும் ஒருசேர வாய்க்குமா? ஒருக்கால் நன்கொடை திரட்டி ஒன்றைச் செப்பனிட்டுவிட்டாலும், இவ்வளவு கனத்தைத் தன் பாதையில் அனுமதிக்க எந்த ரயில் கம்பெனி இசையும்?

டென்வரில் 4005-க்கும், கிரீன் பே நகரில் 4017-க்கும் கூரை வாய்த்திருக்கிறது. 4014 உயிர்பெற்ற அதே ஷையென் நகரத்தின் பூங்காவில், வேலிக்குள்ளே, பனியும் மழையும் ஏற்றுக்கொண்டு 4004 திறந்த வெளியில் நிற்கிறது. அதற்கு நெருப்பு மூட்ட நிதி திரட்டும் எண்ணம் யாருக்கேனும் உண்டானால், முதல் தவணையைக் கொண்டு ஒரு கொட்டகை போடட்டும்.