பூட்டு ஸ்ட்ராங்... சாவி?

என்ன பாஸ், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெடியா? 'டேட்டா எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணியாச்சு சார்'னு வைவாவில் கெத்தா சொல்வீங்க. 'சரி தம்பி, சாவி எங்கே?'னு எக்ஸ்டர்னல் கேட்டா?

சாவி விஷயத்தில் ஜாம்பவான்களே சறுக்கியிருக்காங்க. ரகசியச் சாவிகளை உருவாக்கித் தரும் பிரபலமான லைப்ரரி, ஓப்பன்எஸ்எஸ்எல். 'ஆரம்ப மதிப்பு கொடுக்காத மெமரியை ஏன் படிக்கிறே?'னு ஒரு டெஸ்ட்டிங் டூல் அதைப் பார்த்து வார்னிங் கொடுத்தது. 2006-ல், டெபியன் லினக்ஸ் தரப்பில் அந்த லைப்ரரியின் இரண்டு வரிகளை கமென்ட் பண்ணினாங்க. வார்னிங் போச்சு. கூடவே, சாவிக்கு உயிரான 'ராண்டம்' தன்மையும் போச்சு!

மிச்சம் இருந்தது பிராசஸ் ஐ.டி. மட்டும்தான். அதில் அதிகபட்சம் 32,768 எண்கள். அதாவது, ஒரே வகை கம்ப்யூட்டரில் ஒரே சைஸ் சாவியை எத்தனை கோடி பேர் செஞ்சாலும், கிடைப்பது இந்த 32 ஆயிரத்துச் சொச்சத்தில் ஒண்ணுதான். 1024 பிட், 2048 பிட்னு நீளம் மட்டும் பிரமாதம்! மொத்தத்தையும் முன்கூட்டியே செஞ்சு வெச்சு, ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தா... கதவு திறந்துடும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும் மாட்டிக்கிச்சு. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடிச்சுச் சொல்ல, 2008 மே 13-ல்தான் விஷயம் வெளியே வந்தது.

மெயின் மேட்டர் இனிமேதான். லைப்ரரியை அப்டேட் பண்ணினா மட்டும் போதலை. பழைய சாவி, பழைய சாவிதானே? அதைத் தூக்கி எறிஞ்சு, புதுசு செஞ்சு, பழசை நம்பியிருந்த ஒவ்வொரு சர்வரிலிருந்தும் நீக்கணும். எந்தச் சாவி எங்கே இருக்குனு கணக்கே இல்லாட்டி, எதைனு நீக்குவீங்க?

அதனால, நாலு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. சாவி செய்ய சாதாரண ராண்டம் ஃபங்ஷன் வேண்டாம்; பைத்தானில் அதுக்குனே 'சீக்ரெட்ஸ்' மாட்யூல் இருக்கு. சாவியை கோடுக்குள்ளே எழுதாதீங்க. கிட்ஹப்பில் ஏத்திட்டு அப்புறம் டெலிட் பண்ணினாலும், ஹிஸ்டரியில் அது பத்திரமா உட்கார்ந்திருக்கும். வெளியே போன சாவியை உடனே ரத்து பண்ணிட்டுப் புதுசு போடுங்க. வார்னிங்கை விரட்டும் முன்னாடி, அந்த வரி எதுக்கு இருக்குனு புரிஞ்சுக்குங்க.

இன்னிக்கு ராத்திரியே ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து, 'கீ'னு ஒரு தடவை தேடிப் பாருங்க. எக்ஸ்டர்னல் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே கண்டுபிடிச்சுடலாம், பாஸ்!