கிடார் டேப்: ஓசியா, புத்தகமா?

"நெட்டுல ஓசியா கிடைக்குதே, புஸ்தகத்துக்கு எதுக்குக் காசு?" புனேயில் நண்பர் வீட்டில் எப்போதும் இதே பல்லவி. மகனுக்குக் கிடார், ஆம்ப், வாராவாரம் மாஸ்டர் சம்பளம் எல்லாம் உண்டு. புத்தகம் என்றால் மட்டும் கை சட்டைப்பைக்குப் போகாது!

அய்யா, டேப் என்பது ஆறு கோடு, மேலே எண்கள். எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று தெரியும். எவ்வளவு நேரம் ஒலிக்கணும்? ஓசி டேப்பில் பெரும்பாலும் அது இருக்காது. அச்சுப் புத்தகத்தில் டேப்புக்கு மேலேயே ஸ்டாஃப் நோட்டேஷன். தாளம் அங்கேதான் இருக்கு. 1976ல் வந்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வைப் பையன் வாசிக்கிறான். எண்ணெல்லாம் சரி, பாட்டைத்தான் காணோம்.

'இளைய நிலா'வுக்கு ஓசி டேப் எடுங்க, நானும் எடுப்பேன். 1982லிருந்து நம் காதில் ஊறினது, தப்பைக் காதே திருத்திடும். பையனுக்கு ஈகிள்ஸ் அப்படியா?