உளமருத்துவரும் இறைநம்பிக்கையும்

இறைவனை நம்பும் ஒருவர் உளநோயாளருக்குச் சிகிச்சை செய்யத் தகுதியுடையவரா? விஞ்ஞானம் கற்றோரிடையே இந்த ஐயம் அவ்வப்போது எழுகின்றது. திருநீறணிந்த மருத்துவர் எலும்பு முறிவைப் பொருத்தினால் எவரும் குறைகாணார். உள்ளத்தை ஆராய வருபவர் அவ்வாறு அணிந்திருப்பின், அந்நம்பிக்கை அவரது நோக்கை மறைத்துவிடுமோ என அஞ்சுகின்றனர். இவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும் குறையைத் தவறான இடத்திலே தேடுகின்றனர் என்பதே என் துணிபு.

சமயத்தை மாயையென்று கண்டித்த உளவியலாருள் முதன்மையானவர் சிக்மண்ட் புரொய்ட். 1927 இல் அவர் வெளியிட்ட ‘ஒரு மாயையின் எதிர்காலம்’ என்னும் நூல் இதற்குச் சான்று. அதற்கு மறுமொழி எழுதியவர் யார்? அவருடைய நண்பரும், சூரிக் நகரத்துக் கிறித்தவப் போதகரும், உளப்பகுப்பாய்வைத் தம் பணியிற் கையாண்டவருமான ஒஸ்கார் பிஸ்டர். ‘ஓர் எதிர்காலத்தின் மாயை’ எனத் தலைப்பையே திருப்பிப்போட்டு அவர் எழுதிய கட்டுரை, 1928 இல் புரொய்டின் சஞ்சிகையாகிய ‘இமாகோ’விலேயே வெளிவந்தது! 1909 இல் தொடங்கிய அவர்களது நட்பு, 1939 இல் புரொய்ட் மறையும்வரை நீடித்தது. உளப்பகுப்பாய்வு எச்சமயத்தையும் சாராத ஒரு கருவி. துன்புறுவோர்க்கு உதவும்பொருட்டுப் போதகரும் அதனைக் கையாளலாம் என்பதை அந்த முதலாண்டிலேயே புரொய்ட் ஒப்புக்கொண்டிருந்தார்.

நம்பிக்கையே சீர்திருத்தத்துக்கு வித்தான வரலாறும் உண்டு. 1790 இல் இங்கிலாந்தின் யோர்க் நகர மனநோயாளர் விடுதியிற் சேர்க்கப்பட்ட குவேக்கர் சமயப் பெண்ணொருவர் சில வாரங்களில் இறந்தார். அவரைப் பார்க்கச் சென்ற நண்பர்கள் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். இதனால் உள்ளம் நொந்த அச்சமயத்தவருள் ஒருவரான வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகர், 1796 இல் அந்நகரிலே வேறோர் இல்லத்தைத் திறந்தார். சங்கிலியும் அடியும் மலிந்திருந்த காலத்தில் அங்கே பரிவே மருந்தாயிற்று. ஒவ்வொரு மனிதருள்ளும் இறையொளி உண்டென நம்பியவர்கள், நோயாளரையும் மனிதராக நடத்தினர்.

அப்படியாயின் நம்பிக்கையால் தீங்கே விளையாதா? விளையும். உறக்கமிழந்து, உணவை வெறுத்து, “நான் செய்த பாவம் என்னைத் தொடர்கிறது” என்று சொல்லும் ஓர் இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். “எல்லாம் ஊழ்வினை, கோயிலில் விளக்கேற்று” என்கிறார் பக்தராகிய மருத்துவர். “பாவமாவது, புண்ணியமாவது!” என்று நகைக்கிறார் நாத்திகராகிய மருத்துவர். இருவர் தவறும் ஒன்றே. அவள் சொல்லி முடிக்குமுன் தம் கொள்கையைச் சொல்லத் தொடங்கிவிட்டனர். அவள் மேலும் சொல்ல வந்தது, உயிரை மாய்க்கும் எண்ணமாகவும் இருக்கலாம். எதிரே இருப்பவர் முகத்தில் ‘மகாபாவம்’ என்ற தீர்ப்பையோ ஏளனத்தையோ கண்டால் அவள் வாயடைத்துப் போவாள். அந்த மௌனத்தின் விலை ஓர் உயிர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டவிதி நம் நாட்டில் 1998 இல் நீக்கப்பட்டது. சட்டம் கைவிட்ட தீர்ப்பை மருத்துவர் கையிலெடுத்தல் தகுமா?

உலக உளமருத்துவச் சங்கம் 2016 இல் தன் சஞ்சிகையில் வெளியிட்ட நிலைப்பாடும் இதனையே வலியுறுத்துகின்றது. நோயாளரின் சமய நம்பிக்கையைக் கேட்டறிதல் வேண்டும். ஆனால் சமயக் கொள்கையையோ சமயமறுப்புக் கொள்கையையோ பரப்புதற்கு மருத்துவர் தம் பதவியைப் பயன்படுத்தலாகாது. அப்பெண்ணுக்கு விளக்கேற்றுவதில் ஆறுதல் உண்டாயின் தாராளமாக ஏற்றட்டும். உரிய சிகிச்சையும் உடன் நடக்கட்டும். ஆனால் அவ்விருப்பம் அவளுடையதாக இருத்தல் வேண்டும்.

வினைப்பயனை நம்புவோர் அதனைத் தம் செயலுக்கு அளவுகோலாகக் கொள்ளட்டும். பிறர் நோய்க்குக் காரணங்கூறக் கொள்ளற்க. பிறர் துயரின் அருகே சலியாது அமர்ந்திருக்கும் பொறுமையை ஒருவருக்கு அவரது வழிபாடு தருமாயின், அது பணிக்குத் தடையன்று, துணையே. மாணவரின் முகவாட்டத்தைப் பெரும்பாலும் முதலிற் காணும் ஆசிரியர்களும் இதனைச் சிந்திப்பார்களாக. நம்பிக்கை நெஞ்சில் இருக்கட்டும். செவி நோயாளருக்குத் திறந்திருக்கட்டும்.