அந்தரத்தில் நிலைத்து நிற்கும் கலை



“சாமி, எங்கள் மகனுக்கு இப்போது ஹெலிகாப்டர் பைத்தியம். புத்தகத்தைத் தொடுவதில்லை. ஞாயிறு காலையில் பூசையையும் மறந்துவிடுகிறான்.” இத்தகைய முறையீடு மயிலைப் பகுதிப் பெற்றோரிடமிருந்து நம் செவிக்கு எட்டுவதுண்டு. வானொலி அலைகளால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டர்களைத் தம் கையாலேயே கட்டிப் பறக்கவிடுவதுதான் அந்தப் பைத்தியம். தீர்ப்புக் கூறுமுன் அதனைச் சற்று ஆராய்வோம்.

1878-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஒரு பிரிந்த சபையின் ஆயராயிருந்த மில்டன் ரைட், தம் சிறுவர்களுக்கு ரப்பர் முறுக்கினால் மேலெழும்பும் சிறு ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றை வாங்கிவந்தார். அது உடைந்தபின் சிறுவர்கள் அதைப் போன்றே தாமே செய்து பார்த்தனர். அவர்களே 1903-இல் உலகை வியக்க வைத்த ரைட் சகோதரர்கள். கீயவ் நகரிற் பிறந்த இகோர் சிகோர்ஸ்கியும் சிறு வயதில் இத்தகைய பொம்மையொன்றைச் செய்தவரே. 1909-ஐ ஒட்டி அவர் கட்டிய ஹெலிகாப்டர்கள் ஆளைச் சுமந்து எழவில்லை. ஆயினும் முப்பதாண்டுகள் கழித்து, 1939-இல், அவருடைய ஹெலிகாப்டர் எழுந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் மொட்டை மாடிகளில் தவித்தோரை அணுகிய ஊர்திகள், அத்தகைய பொறுமையின் பேரக்குழந்தைகள் எனலாம்.

நம் நகரிலும் சான்று உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவரின் ‘தக்ஷா’ குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. எட்டாத் தொலைவிலுள்ள நோயாளியிடமிருந்து இரத்த மாதிரியை எடுத்துவருவதே போட்டியின் பொருள். மாதிரி விமானங்களில் நெடுங்காலம் ஈடுபாடு கொண்டிருந்த நடிகர் அஜித்குமார் அக்குழுவிற்கு ஆலோசகராய் இருந்தார். விளையாட்டு, பிறர்நலப் பணிக்குப் பயிற்சிக்களமாவது இவ்வாறே.

இனி, அதனைக் கற்கும் முறையைக் கேளுங்கள். சாதாரண மாதிரி விமானம் ஓரளவு தானே நிலைபெறும்; ஹெலிகாப்டரோ அப்படியன்று. மேல்விசிறி ஒரு பக்கம் சுழலுகையில் உடல் எதிர்ப்பக்கம் திரும்ப முயலும். அதைத் தடுக்கவே வால்விசிறி. மேல்விசிறித் தகடுகளின் சாய்வை மாற்றி மாற்றியே ஏறுவதும் இறங்குவதும், முன்பின் நகர்வதும் நிகழும். இரு கைகளும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். ஆகையால் தொடக்கத்தில் கணினிப் பயிற்சியே நன்று. பின்னர், குறுக்குக் கம்பிகளைக் காலிற் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அசையாது நிறுத்தப் பழகுவர். நன்றாக நிறுத்துவதற்கே பல வாரங்கள் பிடிக்கலாம். கற்பவர் செய்யும் பெருந்தவறு, அஞ்சிப்போய் நெம்புகோலை வன்மையாய்த் தள்ளுவது. சாய்ந்ததைச் சரிசெய்யச் சிறு அசைவே போதும். மிகையான திருத்தமே ஊர்தியைத் தரையில் மோதவைக்கும்.

அதனினும் கடினமான கட்டம் ஒன்றுண்டு. ஊர்தியின் வால் நம்மை நோக்கியிருக்கும்வரை அதன் வலம் நம் வலமே. அது திரும்பி நம்மை நேர்நோக்கும்போதோ, அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். கை பழகியபடி இயக்கினால் எதிர்த்திசையிற் பாயும். அப்போது ஊர்தியினுள் அமர்ந்திருப்பவன் இடத்தில் நம்மை வைத்து எண்ணினாலன்றி அதைக் காக்கவியலாது.

பெற்றோரே, இங்கே சற்று நில்லுங்கள்! பிள்ளை சிறுவனாய் நமக்கு முன்னே நடந்தவரை, அவன் வலமும் நம் வலமும் ஒன்றாயிருந்தன. பதினாறு வயதில் திரும்பி நம்மை நேர்நோக்குகிறான். பழைய பழக்கத்தில் வன்மையாய்த் தள்ளினால் விழுவது யார்? அவன் நிற்குமிடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். சிறிது சிறிதாய்த் திருத்துங்கள்.

இளைஞரே, உங்களுக்கும் சொல்ல வேண்டியதுண்டு. இது செலவுள்ள விளையாட்டு. ஒருமுறை விழுந்தால் தகடும் அச்சும் சேர்ந்து போகும். தந்தையின் சம்பளம் எத்தனை பேருக்குச் சோறிடுகிறது என்பதை மறவாதீர். நண்பர் சிலர் கூடி ஒன்றைப் பகிர்ந்து பழகுங்கள். சுழலும் தகடு கத்திக்கு ஒப்பானது; மக்கள் கூடும் மெரீனாவிலோ தெருவிலோ வேண்டாம். திறந்த மைதானத்தில், தேர்ந்தவர் துணையோடு, 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளை அறிந்து, தடைசெய்யப்பட்ட வான்வெளியை விலக்கிப் பறக்கவிடுங்கள்.

காற்று அடங்கிய ஞாயிறு காலையே பறக்க ஏற்ற வேளை என்பீர்கள். சரி; சனி மாலைத் திருப்பலியிற் பங்குபெற்றாலும் கடன் நிறைவேறும். ஆண்டவருக்குரிய ஒரு மணி நேரத்தை விலைபேசாதீர்கள்.

நம் மயிலையில் அடக்கம்பெற்ற புனித தோமையார், கட்டடக் கலைஞரின் பாதுகாவலர். தொட்டறிந்து நம்ப விழைந்தவர். கையால் செய்து, விழுந்ததை எடுத்து, மீண்டும் பொருத்தும் பிள்ளைகளை அவர் புன்னகையோடு நோக்குவார் என்றே எண்ணுகிறோம். அன்னையரே, அடுத்த முறை மகன் மைதானத்துக்குப் புறப்படுகையில் தந்தையையும் உடன் அனுப்புங்கள். ஒரு முழு மாலை இருவரும் ஒரே வானத்தை நோக்கி நிற்பார்கள். இன்று பல இல்லங்களில் அரிதாகிவிட்ட செல்வம் அதுவே.