சட்டத்தை ஏழையின் பக்கம் திருப்பியவர்

பதவி போனதும் பெயரும் மறைந்துவிடுகிற அரசியல்வாதிகளே நம் நாட்டில் அதிகம். அமைச்சராக இருந்து செய்ததைவிட, அப்பதவி போன பின்னர் பெரிய காரியங்களைச் செய்து முடித்தவர்கள் மிகச் சிலரே. பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சிலரில் ஒருவர்.

பாலக்காடு விக்டோரியா கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக் கழகம், சென்னைச் சட்டக் கல்லூரி ஆகியவற்றில் பயின்று, 1938 முதல் தலச்சேரியில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். விவசாயிகளுக்காகவும் தொழிலாளருக்காகவும் வாதாடியது ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது. 1948-ல் சிறை வைக்கப்பட்டார். 1952-ல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். 1957-ல் நம்பூதிரிபாடு மந்திரிசபையில் சட்டம், சிறை, மின்சாரம், பாசனம் முதலிய இலாகாக்கள் அவரிடம் வந்தன. 1959 ஜூலை 31-ல் அந்த மந்திரிசபை கலைக்கப்பட்டது.

அவரைப் புகழும்போது கசப்பான ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. தொழிலாளரின் அரசு என்று பெயர் பெற்ற அந்த ஆட்சியில்தான், 1958 அக்டோபரில், மூணாறு தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் போலீஸார் சுட்டு இருவர் மாண்டனர். நல்லவர்கள் அமர்ந்திருக்கும் மந்திரிசபையும் தவறு செய்யும் என்பதற்கு அது சான்று.

1965 தேர்தலில் தோற்ற அவர், 1968-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1973 முதல் 1980 வரை சுப்ரீம் கோர்ட்டில் பணியாற்றினார். அங்கே 1978-ல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பு, இதைப் படிக்கும் ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஆஸ்பத்திரியும் பல்கலைக் கழகமும் 'தொழில்' அல்ல என்று முன்பு தீர்ப்புகள் இருந்தன. ஆகவே அங்கே வேலை இழந்தவர் தொழில் தகராறுச் சட்டத்தின் உதவியை நாட வழியில்லை. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து, முறையாக, மக்களுக்கு வேண்டிய பொருளையோ சேவையையோ அளிக்கும் இடமெல்லாம் 'தொழில்'தான், லாப நோக்கம் இல்லாவிட்டாலும் சரி என்று அத்தீர்ப்பு கதவைத் திறந்தது.

அக்கதவை மூடும் முயற்சி அன்றே தொடங்கியது. 1982-ல் நாடாளுமன்றம் கொண்டு வந்த திருத்தம் அமலுக்கு வரவில்லை. 2017-ல் அத்தீர்ப்பு 9 நீதிபதிகளின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. 2020-ம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, தர்ம ஸ்தாபனங்களை வரையறையிலிருந்தே விலக்குகிறது. தர்மத்தின் பெயரால் நடக்கும் ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் கூலிக்கு உழைப்பவரின் வயிறு மட்டும் தர்மத்தால் நிறைந்துவிடுமா?

உரிமை இருந்தும் அதை அறியாதவனுக்குப் பயனில்லை. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்களில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தொழிலாளர் பலர் உள்ளனர். தொழிலாளர் சட்ட விவரங்களும் உத்தரவுகளும் அவர்களுக்குத் தமிழில் கிடைக்கச் செய்வது கேரள அரசின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவதும், படித்துப் பக்கத்து வீட்டாருக்குச் சொல்வதும் நம் கடமை. 2014-ல் மறைந்த அப்பெரியவருக்குச் சிலை எழுப்புவதைவிட இதுவே தகுந்த மரியாதை.